மகள் வேண்டாம் என்ற தரை

தரையைப் பற்றிப் பேச யோக்கியதை உள்ளவர்கள் அந்த நகரத்தில் நாலு பேர் இருந்தால் அதிகம். அதில் மூன்று பேர் டைல்ஸ்காரரிடம் தொழில் பழகியவர்கள். நாலாவது ஆள் டைல்ஸ்காரரேதான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி தெருவுக்கும் கடைக்கும் உறவுக்காரர்களுக்கும் அவர் டைல்ஸ்காரர்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மணல் சுமக்கப் போனவர். சுமந்த மணலைச் சலித்தார், சலித்ததைக் கலந்தார், கலந்ததை மேஸ்திரிக்கு எடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி வராத ஒரு நாளில் தானே நூல் பிடித்து, தானே ரசமட்டம் வைத்து, ஒரு குளியலறையை முடித்துக் காட்டினார். அந்தத் தரையில் ஒரு குவளை தண்ணீரை எந்த மூலையில் ஊற்றினாலும் சொல்லி வைத்த மாதிரி ஓடிப்போய்க் குழாய் வாயில் விழும். இன்றைக்கும் விழும். சந்தேகம் இருப்பவர்கள் போய் ஊற்றிப் பார்க்கலாம்.

அதற்கப்புறம் ஏறுமுகம்தான். வங்கித் தரை, ஆஸ்பத்திரித் தரை, நகைக்கடைத் தரை. படித்தவன் சிபாரிசு இல்லை, பணக்காரன் தயவு இல்லை. எல்லாம் இரண்டு கை, இரண்டு முட்டி. கை நிமிர்ந்துவிட்டது, முட்டிதான் போய்விட்டது. டைல்ஸ் ஒட்டுகிறவன் காலையில் முட்டி போட்டால் மத்தியானம் சாப்பிடத்தான் எழுந்திருப்பான். அப்படி வருஷக்கணக்கில் போட்ட முட்டி, எலும்போடு எலும்பு உரசி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழுகிற மாதிரி நறநறக்க ஆரம்பித்தது. தொழிலைப் பையன்களிடம் விட்டுவிட்டு, குச்சியை ஊன்றிக்கொண்டு மேற்பார்வை மட்டும் பார்க்கத் தொடங்கினார்.

டாக்டர் முட்டியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நடுவுல இருக்கிற குருத்தெலும்பு சுத்தமா தேஞ்சிடுச்சு. இரும்பு மூட்டு வச்சிடலாம்."

"நான் என்ன கதவா சார், கீல் மாட்ட?" என்றார் டைல்ஸ்காரர். "எனக்கு இரும்பு வேணாம். என் மக செஞ்சு தருவா. அது வரைக்கும் பொறுத்துக்கறேன்."

"உங்க மக என்ன பண்றாங்க?"

"முட்டி வளக்கறா."

டாக்டர் சிரித்தார். டைல்ஸ்காரர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது பொய்யும் இல்லை.

ஒரே மகள். நாற்பதை நெருங்கியும் வீட்டில் அவளுக்குப் பேர் பாப்பாதான். தரை போட்ட காசில் படித்து, படித்ததற்கு மேல் படித்து, கடைசியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. வேலை நிரந்தரமில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை நீட்டித்துக் கொடுத்தால் உண்டு. வீட்டில் இருப்பதைவிட அந்த லேபில் நிற்பதே அதிகம்.

அவள் செய்வது ஹைட்ரோஜெல். தண்ணீரைக் குடித்துக் கெட்டியாக நிற்கிற ஒரு பொருள். முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், ஆனால் கையில் எடுத்தால் ஒழுகாது, தட்டினால் ஆடும். மாட்டுத் தோலிலிருந்து எடுத்த பசையும் கடல்பாசியிலிருந்து எடுத்த பசையும் சேர்த்து, நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பாள். மூட்டு ஆபரேஷனில் அறுத்து எறிகிற துண்டுகளை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்து, அதிலிருந்து உயிருள்ள செல்களைப் பிரித்து, அந்த ஜெல்லுக்குள் குடிவைப்பாள். செல்கள் உள்ளே இருந்துகொண்டு தங்களைச் சுற்றித் தாங்களே குருத்தெலும்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். இதுதான் சங்கதி. டைல்ஸ்காரருக்கு இது ஒரே தடவையில் புரிந்துவிட்டது. புரிந்ததை முடிவெட்டுகிற கடையிலும் மருந்துக் கடை வரிசையிலும் அவர் விளக்கிய விளக்கத்தில் மகளுக்கே புரியாத சில விஷயங்களும் சேர்ந்திருந்தன.

ஒரு தடவை சாப்பிடும்போது அவள் சொன்னாள். "ரொம்ப இறுகிட்டா உள்ள இருக்கிற செல்லு மூச்சு முட்டிச் செத்துடும்பா. கொழகொழன்னு இருந்தா எடை தாங்காது. நடுவுல ஒரு பதம் இருக்கு. அதைப் பிடிக்கத்தான் இத்தனை வருஷம் போச்சு."

"அப்ப நீயும் கலவை போடறவதான்னு சொல்லு."

"ஆமா. உங்க கலவை காஞ்சா போதும். என் கலவை உயிரோட இருக்கணும்."

"ரெண்டு பேரும் நல்லா கலவை போடுங்க," என்றாள் அம்மாக்காரி. "இன்னைக்குச் சாப்பாட்டுல உப்பே போடல. ஒருத்தராவது சொன்னீங்களா?"

அந்த வருஷம் பதம் கைக்கு வந்துவிட்டது. பொத்தான் அளவில் வெள்ளை வெள்ளையாக வட்டத் துண்டுகள். விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் நிமிர்ந்தன. இன்குபேட்டர் என்கிற இளஞ்சூட்டுப் பெட்டிக்குள், இளஞ்சிவப்புத் திரவத்தில், தட்டுத் தட்டாக வளர்ந்துகொண்டிருந்தன. வெளியிலிருந்து ஒரு நிபுணர் குழு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. குழு தலையசைத்தால் அந்தத் துண்டுகள் ஆடுகளின் முட்டிக்குள் போகும். அவள் வேலையும் நிரந்தரமாகும். ஆட்டுக்கு அப்புறம் மனுஷன். அந்த மனுஷன் யார் என்பதில் டைல்ஸ்காரருக்குச் சந்தேகமே இல்லை.

"பாப்பா, ஆடு எத்தனை நாள்ல நடக்கும்?"

"அப்பா, ஆடு நடந்தாலும் உங்க முட்டிக்கு வர பல வருஷம் ஆகும். நீங்க அந்த ஆபரேஷனைப் பண்ணிக்குங்க."

"பல வருஷம்னா நான் எங்க போயிடப் போறேன்?"

அந்தச் சமயத்தில்தான் அவர் லேபைப் பார்க்கப் போனார். மகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்துப் பெட்டியைக் காட்டினாள், நுண்ணோக்கியைக் காட்டினாள், செல் அறையின் கதவைக் காட்டினாள். அந்தக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. திறக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் அவள் கையாலேயே எழுதி ஒட்டிய காகிதம். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் கண் வேறெங்கோ இருந்தது. குச்சியால் தரையைத் தட்டினார். டொப். இன்னொரு இடத்தில் தட்டினார். டொப். பாதிக்குப் பாதி டைல்ஸ் உள்ளே பிடிப்பே இல்லாமல் தூக்கிக்கொண்டிருந்தது. இணைப்பு ஒன்றும் நேராக இல்லை. செல் அறை வாசலில் ஒரு டைல் குறுக்காக வெடித்து, பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தது.

"எவன் பாப்பா போட்டான் இதை? அவன் கையை உடைக்கணும்."

"அப்பா, மெதுவா."

"நீ நிக்கிற இடம் இப்படியா இருக்கணும்? ஊருக்கெல்லாம் தரை போட்டவன் மக நிக்கிற தரையா இது? நான் போட்டுத் தரேன். சும்மாவே போட்டுத் தரேன்."

"இப்ப வேணாம்பா." அவள் குரலை இறக்கிச் சொன்னாள். "தூசி கிளம்பினா பூஞ்சை வரும். ஒரு துளி உள்ள போனாப் போதும், மொத்தமும் போயிடும். குழு வந்து பாத்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் நீங்க பளிங்கே போடுங்க."

வேண்டாம் என்று இத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும், அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "நான் முட்டி போடக் கூடாதுன்னு பாக்கறா. என் மேல அவளுக்கு அவ்வளவு உசுரு."

"அவ வேணாம்னா வேணாம்னு விடுங்களேன்."

"உனக்குத் தெரியாது."

"எனக்கு என்னதான் தெரியும்? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

மகளுக்கு மேலே இருந்த துறைத் தலைவருக்கு லேபில் 'பார்க்கலாம்' என்று பேர். புது மைக்ரோஸ்கோப் வேண்டும் என்றால் பார்க்கலாம், ஒழுகுகிற குழாயை மாற்ற வேண்டும் என்றால் பார்க்கலாம். டைல்ஸ்காரர் அவரைத் தனியாகப் போய்ப் பார்த்து, காசு வேண்டாம், சாமானும் என்னுடையது என்று சொன்னபோது மட்டும் அந்த மனுஷன் வாயில் அந்த வார்த்தை வரவில்லை.

"எப்ப ஆரம்பிக்கறீங்க?" என்றார்.

ஆடுகளைக் கட்டும் கொட்டகையைத் தயார் செய்ய மகள் வெளியூர் போனாள். போகுமுன் தட்டுகளுக்குப் புதுத் திரவம் மாற்றினாள்; திரும்பி வரும்வரை தாங்கும். அவள் பஸ் ஏறின மறுநாள் காலையிலேயே டைல்ஸ்காரர் இரண்டு ஆட்களோடு லேபில் இறங்கிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, தகப்பன் வேலையில் குறை வைக்கவில்லை. சாமான்களையெல்லாம் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினார். உடைக்கிற இடத்தில் தண்ணீர் தெளித்து உடைத்தார். கட்டிங் மெஷினை வெளியே வராந்தாவில் வைத்து அறுத்தார். பல வருஷத்துக்கு அப்புறம், குச்சியை ஓரமாகச் சாத்திவிட்டு, சாக்கை மடித்துப் போட்டு, தானே முட்டி போட்டார். ஆட்கள் பதறினார்கள். "நீங்க உக்காருங்க, நாங்க ஒட்டறோம்." கேட்கவில்லை. ஒவ்வொரு டைலையும் ரப்பர் சுத்தியால் தட்டி, காது வைத்துக் கேட்டு, உள்ளே வெற்றிடம் இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்ததுக்கு நகர்ந்தார். முட்டி நறநறத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த மாதிரித் தரை அவர் வங்கிக்குப் போட்டதில்லை, நகைக்கடைக்கும் போட்டதில்லை.

கடைசியாக மிஞ்சியது செல் அறை வாசலில் வெடித்திருந்த அந்த ஒரு டைல். பாதி உள்ளே ஓடுவதால் கதவைத் திறந்தால்தான் பெயர்க்க முடியும். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு போதும். அது ஊரானுக்கு எழுதியது, பெற்றவனுக்கா எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

டைலைப் பெயர்த்தார். அடியில் எந்தக் காலத்துக் குழாய்க் கசிவோ, கலவை கறுத்து ஊறிப்போய், மூடி வைத்த ஈரத்துணி மாதிரி நாறியது. சுரண்டி எடுத்தார். ஆனால் ஈரம் ஈரம்தானே? அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. தொழிலில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். பெரிய ஸ்டாண்டு ஃபேனை வாசலுக்கு நேரே நிறுத்திக் காற்று ஓட விடுவது. அவசர வேலை எல்லாம் அதில்தான் ஒப்பேறும். அன்றைக்கும் நிறுத்தினார். காற்று அந்தக் கறுத்த குழியைத் தடவிக்கொண்டு செல் அறைக்குள் போய்ச் சுவரெல்லாம் சுற்றி வந்தது. சாயந்திரம் புதுக் கலவை வைத்து டைலைப் பதித்து, வாசலைத் துடைத்து, கதவை மூடி, ரப்பர் பட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கூடப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மகள் வந்தாள். லேப் வாசலில் செருப்பைக் கழற்றினவள் அப்படியே நின்றாள். முகம் மலரப் போகிறது என்று டைல்ஸ்காரர் குச்சியை ஊன்றிக் காத்திருந்தார்.

"அந்தக் கதவைத் திறந்தீங்களாப்பா?"

"ஒரே ஒரு மத்தியானம்தான் பாப்பா. ஃபேன் வச்சு நல்லா காய விட்டுட்டேன். இனிமே அந்த இடம்—"

அவள் மீதியைக் கேட்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். சுவர், மேசை, பெட்டியின் வெளிப்பக்கம் என்று ஒரு இடம் விடாமல் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். ஆனால் தட்டுகளுக்குத் திரவம் மாற்றும் வேளை வந்துவிட்டது. மாற்றாவிட்டால் செல்கள் பட்டினி கிடந்து சாகும். மாற்றப் பெட்டியைத் திறந்தால் அந்த அறையின் காற்று உள்ளே போகும். கொஞ்ச நேரம் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு திறந்தாள். வேறென்ன செய்ய முடியும்?

குழு வருவதற்கு முந்தின வாரம் ஒரு தட்டின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று தெரிந்தது. மறுநாள் பக்கத்துத் தட்டில். அதற்கு மறுநாள் எண்ணிப் பார்க்க அவசியமில்லாமல் போயிற்று. வெள்ளை வட்டங்களின் மேல் முடி முளைத்துக் கிடந்தது. பூஞ்சை வந்ததை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அவளே பிளீச்சிங் கரைசலை ஊற்றினாள். அந்த இளஞ்சிவப்பு வெளுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். கூட வேலை செய்கிற பெண் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் இதுவும் தெரியும்.

குழு வந்தது. காட்ட ஒன்றுமில்லை. பழைய படங்களைக் காட்டினாள், கணக்குகளைக் காட்டினாள். பெரியவர் ஒருவர் காலியான இன்குபேட்டரைக் குனிந்து பார்த்தார். பிறகு காலுக்குக் கீழே பார்த்தார்.

"தரை ரொம்ப நல்லா இருக்கே," என்றார்.

துறைத் தலைவர் 'பார்க்கலாம்' முந்திக்கொண்டார். "இவங்க அப்பா போட்டதுதான் சார். சொந்த ஆர்வத்துல வந்து போட்டுட்டாரு. அதுலதான் இந்தக் கோளாறு."

ஆட்டு முட்டிக்கு வேறொரு குழுவின் ஜெல் போனது. வருஷம் முடிந்ததும் மகளுக்கு நீட்டிப்பு வரவில்லை.

சங்கதி காதில் விழுந்ததும் டைல்ஸ்காரர் குச்சியைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவரைப் பார்க்கப் புறப்பட்டார். பெரிய படிப்புப் படித்த எத்தனை இன்ஜினியர்களைத் தரை விஷயத்தில் மடக்கியவர்! இந்த ஆளை விடுவதாக இல்லை. தான் போட்ட தரையிலேயே நின்றுகொண்டு சத்தம் போட்டார்.

"எப்ப ஆரம்பிக்கறீங்கன்னு கேட்டது யாரு சார்? சும்மா வருதுன்னதும் பல்லைக் காட்டினது யாரு? இப்ப எல்லாப் பழியும் என் மக தலையிலயா?"

'பார்க்கலாம்' கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, நீங்க கேட்டீங்க, நான் சரின்னேன். தப்புதான். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க பொண்ணு உங்ககிட்ட வேணாம்னு சொல்லலையா?"

டைல்ஸ்காரர் வாயைத் திறந்தார்.

"சொன்னாங்களா, இல்லையா?"

அவ்வளவு பேரைப் பேசி ஜெயித்தவர், குச்சியை ஊன்றித் திரும்பினார். வாசல் வரைக்கும் ஒரு டைல் கூட டொப் என்று சொல்லவில்லை.

மகளுக்கு வேறு வேலை கிடைத்தது. முகத்தில் ஒட்டிக்கொள்ளும் ஜெல் தாள் செய்கிற ஒரு கம்பெனி. ஒட்டிக் கொஞ்ச நேரம் படுத்தால் முகம் குளிர்ந்து மினுமினுக்குமாம். அதே தண்ணீர், அதே பசை, அதே பதம் பிடிக்கிற கை. உள்ளே குடிவைக்க உயிர் ஒன்றும் கிடையாது. சம்பளம் முன்பைவிட அதிகம். சாயந்திரம் வேளையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வந்து டிவி பார்க்கிறாள். அப்பாவோடு பேசாமல் இல்லை. மாத்திரை போட்டீங்களா என்பாள், கதவைச் சாத்துங்க என்பாள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. முடிவெட்டுகிற கடையில் யாராவது முட்டி எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், டைல்ஸ்காரர் கிராப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்தத் தரையைப் போட்டதோடு முட்டியும் கடையைக் கட்டியது. படி ஏற முடியவில்லை, கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மனைவி கைத்தாங்கலாகப் பிடித்துத் தூக்கிவிட்டு ஒரு நாள் சொன்னாள்: "இன்னும் யாருக்காகக் காத்திருக்கீங்க?" அதற்கு மேல் அவள் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரும்பு மூட்டுக்கே சரி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆபரேஷன் நாள் காலையில் மகள் லீவு போட்டுவிட்டு வந்து கட்டிலருகே நின்றாள். நர்ஸ் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"ஐயா, உங்க முட்டியிலருந்து எடுக்கிற துண்டுகளை ஆராய்ச்சிக்குக் கேக்கறாங்க. லேப்ல செல் வளக்கறதுக்காம். சம்மதம்னா இங்க ஒரு கையெழுத்து."

எந்த லேப் என்று அவர் கேட்கவில்லை. முன்பெல்லாம் இந்தத் துண்டுகளை வாங்க அந்த ஆஸ்பத்திரிக்கு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவள் யாரென்று அவருக்குத் தெரியும். அவர் மகளைப் பார்த்தார்.

"குடுங்கப்பா. அங்க இருக்கிறவங்களுக்கு வேணும்."

"உனக்கு?"

"எனக்கு எதுக்கு? மூஞ்சியில ஒட்டவா?"

நர்ஸ் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். டைல்ஸ்காரர் பேனாவை வாங்கினார். வங்கிப் புத்தகத்தில் மட்டும் இருக்கிற தன் பெயரை எழுத்தெழுத்தாகப் போட்டுக் கொடுத்தார். நர்ஸ் போனதும், போர்வையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தவர், மகள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"என் மேல கோவமா பாப்பா?"

இல்லப்பா என்று பதில் வரும் என எதிர்பார்த்தார். யாராக இருந்தாலும் ஆபரேஷனுக்குப் போகிறவனிடம் அதைத்தான் சொல்வார்கள். அவருடைய மகள் அவரைப் போலத்தான். கோணலான இணைப்பை நேராக இருக்கிறது என்று சொல்ல வராது.

"இருக்குப்பா," என்றாள். "காலை நீட்டுங்க. வண்டி வந்துடுச்சு."

தள்ளுவண்டியில் ஏற்றி, நீண்ட வராந்தாவில் தள்ளிக்கொண்டு போனார்கள். மகள் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். திருப்பத்தில் சக்கரம் ஒரு டைல் மேல் ஏறியது.

டொப்.

பழக்க தோஷம், டைல்ஸ்காரரின் தலை நிமிர்ந்தது. எவன் போட்டான் இதை என்று உதடு வரை வந்துவிட்டது. மகளும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். நடந்துகொண்டே அவரைக் குனிந்து பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார்.